ராம்பஸா, டிடிஆரா: 2000ஆம் ஆண்டின் மெமரிச் சண்டையில் யார் பணம் பார்த்தார்கள்?

2000 மார்ச்சில் ராம்பஸ் பங்கு ஒன்றின் விலை 400 டாலரைத் தாண்டியது. மூன்று வருடத்துக்கு முன்பு, 1997 மே மாதம், அதே பங்கு 12 டாலருக்குச் சந்தைக்கு வந்திருந்தது. கம்பெனிக்குத் தொழிற்சாலை கிடையாது. ஒரு மெமரி சிப்பைக்கூட அது தயாரித்து விற்றதில்லை. மெமரி எப்படி இயங்க வேண்டும் என்ற வடிவமைப்பை மற்றவர்களுக்கு உரிமம் கொடுத்து, அவர்கள் விற்கும் சிப்புக்கு ராயல்டி வாங்குவதுதான் தொழில். 2000 நிதியாண்டில் அதன் மொத்த வருவாய் சுமார் 7.2 கோடி டாலர். சந்தை அதற்குக் கொடுத்த மதிப்போ 1,000 கோடி டாலருக்கு மேல்.

அந்த வருடம் செமிகண்டக்டர் பங்குகளை வைத்திருந்தவர்கள் இரண்டு கட்சியாக நின்றார்கள். ராம்பஸின் ஆர்டிராம்தான் அடுத்த பத்து வருடத்துக்கான மெமரி, பின்னால் இன்டெல்லே நிற்கிறது என்றது ஒரு கட்சி. மெமரித் தயாரிப்பாளர்களின் பொதுத் தரநிலையான டிடிஆர்தான் வரும், வாங்கினால் அதைத் தயாரிக்கும் மைக்ரானை வாங்கு என்றது மற்றொன்று. இரு தரப்பும் பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) எண்களை எடுத்து வீசிக்கொண்டன. தொழில்நுட்பக் கேள்விக்கு மூன்றே வருடத்தில் தெளிவான விடை கிடைத்தது: டிடிஆர் ஜெயித்தது. ஆனால் அதைச் சரியாகக் கணித்தவர்களிலும் பலர் பணத்தை இழந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதற்காகவே இந்தக் கதையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எண்கள் பொய் சொல்லவில்லை

ராம்பஸை 1990ல் தொடங்கியவர்கள் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹொரோவிட்ஸும் மைக் ஃபார்ம்வால்டும். அவர்கள் கண்ட பிரச்சினை உண்மையானது. பிராசஸர் வருடா வருடம் வேகமாகிக்கொண்டிருந்தது, மெமரி பின்தங்கிக்கொண்டிருந்தது. அன்றைய சாதாரண மெமரியான பிசி100 எஸ்டிராம் 64 பிட் அகலத்தில், 100 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, விநாடிக்கு 0.8 ஜிபி. ராம்பஸ் செய்தது நேர் எதிர். பாதையை 16 பிட்டாகச் சுருக்கி, 400 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தின் ஏறும் விளிம்பிலும் இறங்கும் விளிம்பிலும் தரவை அனுப்பியது. ஒரே சேனலில் விநாடிக்கு 1.6 ஜிபி, அதுவும் குறைவான பின்களில்.

விளையாட்டுக் கருவிகளில் இது அருமையாக வேலை செய்தது. 1996ல் வந்த நின்டெண்டோ 64ல் ராம்பஸ் மெமரி இருந்தது. 2000ல் வந்த பிளேஸ்டேஷன் 2ல் 32 எம்பி இருந்தது. அங்கெல்லாம் சிப்கள் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. எண்ணிக்கை மாறாது, யாரும் பின்னால் கூடுதலாகச் செருக மாட்டார்கள்.

பிசி அப்படி இல்லை. அதில் ஸ்லாட் இருக்கும், ஒன்றில் மெமரி இருக்கும், இன்னொன்று காலியாக இருக்கும். ராம்பஸில் சிக்னல் ஒவ்வொரு மாட்யூலின் வழியாகவும் தொடர்ந்து ஓடியாக வேண்டும். ஸ்லாட் காலியாக இருந்தால் பாதை அறுந்துவிடும். அதனால் சிப் இல்லாத வெற்று அட்டை ஒன்றை வாங்கிச் செருக வேண்டும். சிப்கள் கூடக்கூட, தரவு கேட்டதற்கும் வந்து சேர்வதற்கும் இடையிலான தாமதமும் கூடியது. சூடு வேறு, மாட்யூலுக்கு மேல் உலோகத் தகடு போட்டுத்தான் விற்றார்கள்.

பெஞ்ச்மார்க் சண்டைக்கான சாவி வேறு இடத்தில் இருந்தது. அன்று சந்தையில் இருந்த பென்டியம் 3, மெமரியோடு பேசும் பாதையே அதிகபட்சம் விநாடிக்கு 1.06 ஜிபிதான். மெமரி 1.6 ஜிபி கொடுத்தாலும் பிராசஸரால் வாங்க முடியாது. மிச்ச வேகம் வீண், தாமதம் மட்டும் கூடுதல். அதனால் சாதாரண பிசி133 மெமரியோடு ஒப்பிட்டால் பல சோதனைகளில் ஆர்டிராம் சமமாகவோ பின்தங்கியோ வந்தது. டாம்ஸ் ஹார்ட்வேர் போன்ற தளங்கள் இதைத்தான் திரும்பத் திரும்ப அளந்து காட்டின.

2000 நவம்பரில் வந்த பென்டியம் 4ன் பாதையோ விநாடிக்கு 3.2 ஜிபி. இன்டெல் 850 சிப்செட் (பிராசஸரை மெமரியோடு இணைக்கும் சிப் தொகுப்பு) இரண்டு ராம்பஸ் சேனலை இணைத்துக் கொடுத்ததும் அதே 3.2 ஜிபி. அங்கே ஆர்டிராம் உண்மையாகவே முன்னால் நின்றது. ஆக, இரண்டு கட்சியும் காட்டிய எண்கள் மெய்தான். அளந்த இயந்திரம்தான் வேறு. அப்போது சண்டை போட்டவர்களில் இதைக் கவனித்தவர்கள் குறைவு.

இன்டெல்லின் ஒப்பந்தத்தைப் படித்தவர்கள்

இன்டெல் 1996ல் ராம்பஸோடு ஒப்பந்தம் போட்டது. குறிப்பிட்ட இலக்குகள் நிறைவேறினால் 10 லட்சம் ராம்பஸ் பங்குகளை, பங்கு 10 டாலர் விலையில் இன்டெல் வாங்கிக்கொள்ளலாம் என்பது அதில் ஒரு ஷரத்து. இலக்கு என்ன என்றால், இன்டெல் விற்கும் சிப்செட்களில் கணிசமான பங்கு ராம்பஸ் மெமரிக்கானதாக இருக்க வேண்டும். அதாவது மெமரியைத் தேர்ந்தெடுக்கும் நிறுவனத்துக்கே, அந்தத் தேர்வால் பங்கு லாபம். கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களில் இது வெளிப்படையாகவே இருந்தது.

அதோடு நிற்கவில்லை. மெமரி தயாரிப்பாளர்கள் தயங்குகிறார்கள் என்று தெரிந்ததும் இன்டெல் பணத்தை இறக்கியது. 1998 அக்டோபரில் மைக்ரானில் 50 கோடி டாலர் முதலீடு. 1999ல் சாம்சங்கில் 10 கோடி டாலர். ராம்பஸ் மெமரியை அதிகம் தயாரியுங்கள் என்பதற்கான ஊக்கத்தொகை அது. அந்த 50 கோடியை வாங்கிக்கொண்ட மைக்ரான்தான் பிறகு டிடிஆர் அணியின் தலைமைக் குரலாக மாறியது. இன்டெல்லைக் குறை சொல்லலாம், மைக்ரானைக் குறை சொல்வது கஷ்டம். அவர்கள் போட்ட கணக்கு அப்படி.

அந்தக் கணக்கை உற்பத்தியாளர் இடத்திலிருந்து பார்ப்போம். ஆர்டிராம் சிப்பின் பரப்பு பெரியது. அதே சிலிக்கன் வட்டில் குறைவான சிப்கள்தான் கிடைக்கும். சோதிக்கப் புதிய, விலை கூடிய கருவிகள் வேண்டும். பேக்கேஜிங்கும் வேறு. எல்லா வேகத்திலும் தேறும் சிப்கள் குறைவு. இதற்கு மேல் ராயல்டி. இத்தனையும் எந்தத் தொழிலில்? சில்லறைச் சரக்கு மாதிரி விலை ஆடுகிற, நல்ல வருடத்தில் சம்பாதித்துக் கெட்ட வருடத்தில் தொலைக்கிற டிராம் (கணினியின் முக்கிய மெமரி) தொழிலில். செலவு முழுவதும் தயாரிப்பாளர் தலையில், புகழும் ராயல்டியும் ராம்பஸுக்கு, கட்டுப்பாடு இன்டெல்லுக்கு. தொழில்துறை அமைப்பான ஜெடெக் கூடிப் பேசி உருவாக்கிய டிடிஆரோ, இருக்கும் எந்திரங்களிலேயே கொஞ்சம் மாற்றத்தோடு செய்துவிடலாம். அதற்கு ராயல்டி இல்லை என்றும் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பது பிறகு தெரிந்தது.

ராம்பஸ் பங்கை வைத்திருந்தவர்கள் இதற்கு ஒரே பதில்தான் சொன்னார்கள்: இன்டெல் சொன்னால் எல்லோரும் கேட்டாக வேண்டும்.

பொருள் சறுக்குகிறது, பங்கு ஏறுகிறது

1999 செப்டம்பர் கடைசியில் இன்டெல் 820 சிப்செட் வெளிவர வேண்டும். வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு நிறுத்தினார்கள். மூன்று ஸ்லாட் வைத்த போர்டுகளில் தரவுப் பிழை வந்தது. நவம்பரில் இரண்டு ஸ்லாட்டோடு வெளிவந்தது. ஆர்டிராம் விலையோ எஸ்டிராமைவிடப் பல மடங்கு. சரி, 820ஐயே பழைய எஸ்டிராமோடு ஓட வைப்போம் என்று ஒரு மொழிபெயர்ப்புச் சிப்பை நடுவில் வைத்தார்கள். அதிலும் கோளாறு, 2000 மே மாதம் லட்சக்கணக்கான மதர்போர்டுகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மலிவு விலை பிசிக்காக ராம்பஸை நம்பி வடிவமைத்த டிம்னா என்ற பிராசஸரை அந்த வருடமே கைவிட்டார்கள். அக்டோபரில் இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டி தன் 760 சிப்செட்டில் டிடிஆரைக் கொண்டுவந்தது. அதே மாதம் இன்டெல் தலைவர் கிரெய்க் பாரெட், தங்கள் செயல்திறனைத் தீர்மானிக்கும் ஒரு தொழில்நுட்பத்துக்கு வெளியாரைச் சார்ந்தது தவறு என்ற பொருளில் பகிரங்கமாகப் பேசினார்.

இந்த வரிசையைப் பார்க்கும் எவரும் பங்கு சரிந்திருக்கும் என்றுதான் நினைப்பார்கள். 2000 ஜனவரியில் 100 டாலருக்குக் கீழே இருந்த பங்கு மார்ச் நடுவில் 400ஐத் தாண்டியது! ஆர்டிராம் தோற்கும் என்று சரியாகவே கணித்து ஜனவரியில் ஷார்ட் அடித்தவர்கள் (விலை விழும் என்று பந்தயம் கட்டியவர்கள்), கணிப்பு பலிப்பதற்குள் கைப்பணம் கரைந்து வெளியேற வேண்டியிருந்தது. ஜூனில் ஒரு பங்கை நான்காகப் பிரித்தார்கள். பிரித்த பிறகும் விலை 120 டாலருக்கு மேல் போனது. பழைய கணக்கில் அது 480க்கும் அதிகம்.

காரணம், வாதம் இடம் மாறிவிட்டது. ராம்பஸ் 1990 ஏப்ரலில் ஒரு பெரிய காப்புரிமை விண்ணப்பம் போட்டிருந்தது. அதிலிருந்து கிளை கிளையாகப் பல காப்புரிமைகள் பின்னர் கிடைத்தன. அவற்றில் சில, கடிகாரத்தின் இரு விளிம்பிலும் தரவு அனுப்புவது போன்ற, டிடிஆரிலும் பயன்படும் அம்சங்களைத் தொட்டன. ஆக, எதிராளியின் மெமரியும் எங்களுக்கே சொந்தம் என்று ராம்பஸ் கிளம்பியது. 2000 ஜனவரியில் ஹிட்டாச்சி மீது வழக்கு. ஜூனில் தோஷிபா ஒப்பந்தம் போட்டது, ஹிட்டாச்சி சமரசம் செய்துகொண்டது. வருட முடிவுக்குள் சாம்சங், என்இசி உட்பட ஏழு பேர் கையெழுத்திட்டார்கள். கேட்ட ராயல்டி எஸ்டிராமுக்கு 0.75 சதவீதம், டிடிஆருக்கு 3.5 சதவீதம். சொந்தப் பிள்ளையான ஆர்டிராமுக்கு வாங்கியதைவிட எதிராளிக்கு விதித்தது அதிகம்.

எது ஜெயித்தாலும் ராம்பஸுக்கு வருமானம் என்பது கேட்க அபாரமான வாதம். அதில் தர்க்கப் பிழை இல்லை. பிழை விலையில் இருந்தது. 2000ல் உலக டிராம் விற்பனை சுமார் 2,900 கோடி டாலர். ஒரு நிறுவனம் பாக்கியில்லாமல், விற்ற ஒவ்வொரு சிப்புக்கும் 3.5 சதவீதம் வசூலிக்க முடிந்தாலும் கிடைப்பது வருடத்துக்கு 100 கோடி டாலர். சந்தை மதிப்பு அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். நடக்கக்கூடிய மிக நல்ல கற்பனைக்கே அந்த விலை என்றால், வழக்கில் ஒரு சிராய்ப்பு விழுந்தால்கூடத் தாங்காது. இன்னொன்று, 2,900 கோடி என்பது டிராமின் உச்ச வருடம். 2001ல் அதே விற்பனை சுமார் 1,100 கோடி டாலருக்கு விழுந்தது. ராயல்டி சதவீதம் மாறாமலேயே வருமானக் கனவு ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது.

நீதிமன்றத்தில் பதின்மூன்று வருடம்

2000 ஆகஸ்டில் ராம்பஸ் ஜெர்மனியின் இன்ஃபினியன் மீது வர்ஜீனியாவில் வழக்குப் போட்டது. அதே மாதக் கடைசியில் மைக்ரானும் ஹைனிக்ஸும் (அப்போது ஹியூண்டாய்) ராம்பஸ் மீது வழக்குப் போட்டன. அவர்கள் எழுப்பிய குற்றச்சாட்டு கனமானது. 1990களின் முற்பாதியில் ராம்பஸ் ஜெடெக்கில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தது; தரநிலை உருவாவதைப் பார்த்துக்கொண்டே அதற்குப் பொருந்தும்படி காப்புரிமைகளைத் திருத்தியது; வாயைத் திறக்கவில்லை; 1996ல் வெளியேறியது.

2001 மார்ச்சில் ரிச்மண்ட் நீதிபதி ராபர்ட் பெய்ன், காப்புரிமையில் உள்ள 'பஸ்' (தரவு ஓடும் பாதை) என்ற சொல்லுக்குக் குறுகிய பொருள் கொடுத்தார். வழக்கின் முதுகெலும்பு அங்கேயே முறிந்தது. மே மாதம் ஜூரி, ராம்பஸ் மோசடி செய்தது என்று தீர்ப்பளித்தது. 2002ல் பங்கு விலை 5 டாலருக்கும் கீழே போனது.

2003 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தலைகீழாக மாற்றியது. ஜெடெக்கின் விதிகள் எதை வெளியிட வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவே இல்லை என்றது. அமெரிக்க வர்த்தக ஆணையம் 2002ல் தனியாக வழக்குத் தொடுத்து, 2006ல் ராம்பஸ் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பெற்றது என்று முடிவு கட்டியது. 2008ல் அதையும் நீதிமன்றம் ரத்து செய்தது. இடையில், 1998ல் ராம்பஸ் அலுவலகத்தில் பீட்சாவும் பீருமாக ஒரு விசேஷம் போல ஆவணங்களை மூட்டை மூட்டையாகக் கிழித்துப் போட்டது வெளியே வந்து, சில தீர்ப்புகள் அதனாலேயே கெட்டன.

கடைசியில் காசு வந்தது. 2005ல் இன்ஃபினியன், 2010ல் சாம்சங் (பங்கு முதலீடு உட்பட 90 கோடி டாலர்), 2013ல் ஹைனிக்ஸ் 24 கோடி, மைக்ரான் 28 கோடி. காப்புரிமைகளுக்கு மதிப்பு உண்டு என்று 2000ல் அடித்துச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அதற்கு ஏற்கெனவே பன்மடங்கு விலை கொடுத்து முடித்திருந்தார்கள். 2000 ஜூன் உச்சத்தை, இருபத்தைந்து வருடம் கழித்து 2025 ஜூனில்கூட அந்தப் பங்கு எட்டியிருக்கவில்லை.

ஜெயித்தவர்களின் கதை

இந்தச் சண்டையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ராம்பஸோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மறுபக்கம்தான் அதிக சுவாரசியம். டிடிஆர் ஜெயித்தது. இன்டெல்லே 2001 செப்டம்பரில் பென்டியம் 4க்கு எஸ்டிராம் சிப்செட்டும், அதைத் தொடர்ந்து டிடிஆர் சிப்செட்டும் கொண்டுவந்தது. 2003ல் இன்டெல் 875பி, இரண்டு சேனல் டிடிஆரில் விநாடிக்கு 6.4 ஜிபி கொடுத்ததோடு பிசியில் ராம்பஸ் கதை முடிந்தது. அப்படியானால் டிடிஆர் தயாரித்தவர்களின் பங்கை வாங்கியவர்கள் செழித்திருக்க வேண்டுமே?

மைக்ரான் பங்கு 2000 ஜூலையில் 90 டாலருக்கு மேல் இருந்தது. 2003 தொடக்கத்தில் 10 டாலருக்குக் கீழே. 2001 முதல் 2003 வரை மூன்று நிதியாண்டும் நஷ்டம். கடைசி வருட நஷ்டம் மட்டும் 120 கோடி டாலருக்கு மேல். ஹைனிக்ஸை 2001ல் கடன் கொடுத்த வங்கிகள் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. இன்ஃபினியன் தன் மெமரிப் பிரிவைக் கிமோண்டா என்று 2006ல் பிரித்துவிட்டது. கிமோண்டா 2009 ஜனவரியில் திவால். ஜப்பானின் மெமரித் தொழில் ஒன்றுசேர்ந்து உருவான எல்பிடா 2012ல் திவால். மைக்ரான் அதை வாங்கிக்கொண்டது.

டிடிஆர் எல்லோராலும் செய்ய முடிந்த பொருள். அதுதான் அது ஜெயித்த காரணம், அதைச் செய்தவர்கள் சம்பாதிக்க முடியாமல் போன காரணமும் அதுவே. யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம் என்றால் விலையை யாராலும் பிடித்து நிறுத்த முடியாது. முறைகேடாகப் பிடித்து நிறுத்தப் பார்த்தார்கள் என்பது வேறு விஷயம். 1999 முதல் 2002 வரை டிராம் விலையைக் கூட்டாக நிர்ணயித்ததை ஒப்புக்கொண்டு சாம்சங் 30 கோடி டாலரும், ஹைனிக்ஸ் 18.5 கோடியும், இன்ஃபினியன் 16 கோடியும் அமெரிக்காவில் அபராதம் கட்டின. விசாரணைக்கு ஒத்துழைத்த மைக்ரான் அபராதத்திலிருந்து தப்பியது. இதைப் பிடித்துக்கொண்டு, ஆர்டிராமை ஒழிக்கவே இவர்கள் சதி செய்தார்கள் என்று மைக்ரான், ஹைனிக்ஸ் இருவரிடமும் 395 கோடி டாலர் கேட்டு ராம்பஸ் வழக்காடியது. 2011 நவம்பர் 16 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜூரி 9க்கு 3 என்று மறுத்தது. அன்று ஒரே நாளில் ராம்பஸ் பங்கு ஏறக்குறைய 60 சதவீதம் விழுந்தது.

மைக்ரான் பிழைத்ததும் பின்னர் கொழித்ததும் டிடிஆர் ஜெயித்ததால் அல்ல. போட்டியாளர்கள் ஒவ்வொருவராக மடிந்து, உலகச் சந்தையின் பெரும்பகுதி சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் என மூவர் கையில் சுருங்கியதால். அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆனது. 2000ல் எந்த பெஞ்ச்மார்க் அட்டவணையிலும் இந்த விஷயம் இல்லை.

பிறகு வந்தவை

இதே நாடகம் சிறிய அரங்குகளில் மறுபடி நடந்திருக்கிறது. மைக்ரான் 2011ல் காட்டிய ஹைப்ரிட் மெமரி கியூப், சிப்களை அடுக்கி வைத்து வேகம் தந்தது. அதேபோல் சிப்களை அடுக்கும் ஜெடெக் தரநிலையான ஹெச்பிஎம் 2013ல் வந்த பிறகு ஓரங்கட்டப்பட்டு, 2018ல் மைக்ரான் அதைக் கைவிட்டது. இன்டெல்லும் மைக்ரானும் 2015ல் ஆரவாரமாக அறிவித்த 3டி கிராஸ்பாயிண்ட் மெமரி, ஃபிளாஷைவிட வேகம், டிராமைவிட மலிவு என்று வந்தது. அதன் செலவு இறங்குவதற்குள் இரண்டு பக்கமும் விலை இறங்கிவிட்டது. 2021ல் மைக்ரான் விலகியது, அதை ஆப்டேன் என்ற பெயரில் விற்ற இன்டெல்லும் 2022ல் மூடியது.

ஹெச்பிஎம் இப்போது அதே இடத்தில் நிற்கிறது. செயற்கை நுண்ணறிவுச் சிப்களுக்கு அது இல்லாமல் முடியாது, தயாரிப்பவர்கள் அந்த மூவர்தான். வாதமோ பழையபடி வேகத்தையும் அடுக்குகளின் எண்ணிக்கையையும் சுற்றியே ஓடுகிறது. நான் பார்ப்பது வேறொன்றை. ஹெச்பிஎம்4ல் அடுக்கின் அடித்தட்டுச் சிப்பைச் செய்ய, எஸ்கே ஹைனிக்ஸ் 2024ல் தைவானின் டிஎஸ்எம்சியோடு கைகோத்தது. மெமரி தயாரிப்பாளர் தன் பொருளின் ஒரு பகுதிக்கு இன்னொரு ஆலைக்குப் பணம் கட்டுகிறார். வாங்குபவரோ விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அந்தக் கூடுதல் செலவு யார் தலையில் விழுகிறது என்பதை எந்த வேக அட்டவணையும் சொல்லாது. காலாண்டு அறிக்கையில் மொத்த லாப விகிதம் போடும் வரியைப் பார்த்தால் கொஞ்சம் புரியும்.